அமெரிக்காவிலிருந்து ஆக்கவுரிமைக் கடிதம்: பழைய சான்றை எங்கே தேடுவது?

கேள்வி: கல்லடியிலிருந்து வசந்தன் கூத்து, வடமோடிக் கூத்துப் பாடல்களை ஒரு செயலியில் வாராவாரம் வெளியிடுகிறோம். கேட்பவர்களில் பலர் கனடா, அமெரிக்காவில் இருக்கிறார்கள். புதிய பகுதி தானாகவே கைபேசிக்கு வந்து சேரும் முறை தங்களுடைய ஆக்கவுரிமை (பேட்டன்ட்) என்றும், அதற்குக் கட்டணம் தரவேண்டும் என்றும் ஓர் அமெரிக்க நிறுவனம் எழுதியிருக்கிறது. அவர்கள் விண்ணப்பித்தது 2009 மார்ச்சில். என் அண்ணர் 2006இலேயே தன் இணையத்தளத்தில் இதைச் செய்தார். அந்த ஆக்கவுரிமை செல்லாது என்று காட்ட அது போதாதா?

பதில்: ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இங்கே பதியாதவர்கள், மட்டக்களப்பில் கேட்பவர்களைக் காட்டி உங்களிடம் எதுவும் கேட்க முடியாது. சிக்கல் அமெரிக்கக் கேட்பவர்களால்தான். எனவே சட்டத்தரணியிடம் காட்டாமல் பதில் போடாதீர்கள். "ஆமாம், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்" என்ற ஒரு வரியே பின்னால் உங்களைக் கட்டிப்போடும்.

அண்ணர் விடயத்துக்கு வருவோம். 2013 மார்ச்சுக்கு முந்தைய விண்ணப்பங்களுக்கு அமெரிக்கப் பழைய சட்டமே பொருந்தும். அதன்படி வெளிநாட்டில் ஒன்றைச் செய்துகாட்டியது கணக்கில் வராது. ஆனால் அதை விவரித்து வெளியிட்ட எழுத்து, எந்த நாட்டில் எந்த மொழியில் இருந்தாலும் கணக்கில் வரும். எனவே பாடல்கள் எப்படித் தானாக இறங்கும் என்று அண்ணர் ஒரு விளக்கப் பக்கம் போட்டிருந்தாரா என்று கேளுங்கள். தமிழில் இருந்தாலும் சரி, அதுதான் பெறுமதியானது.

பொட்காஸ்ட் முறைக்கே சொந்தம் கொண்டாடிய பெர்சனல் ஓடியோ வழக்கைப் பாருங்கள். இணைய உரிமைகளுக்காகப் போராடும் இலத்திரனியல் எல்லை நிறுவகம் (EFF) 2013இல் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்டது. 2015இல் அந்த உரிமைக்கோரல்கள் (எதெது தமக்குச் சொந்தம் என்று ஆக்கவுரிமையில் எழுதியிருக்கும் வரிகள்) செல்லாது என்று தீர்ப்பானது. 2017இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே கைகொடுத்தவற்றில் ஒன்று, கனடாவின் சிபிசி வானொலி தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் இட்டுப்பார்த்த பரிசோதனை பற்றிய கட்டுரை. பரிசோதனை நடந்தது கனடாவில். ஆனாலும் எழுதி வெளியிட்டிருந்ததால் அது சான்றானது.

தேடப் போகுமுன் ஆக்கவுரிமைகளைத் தேடும் தளமான கூகிள் பேட்டன்ட்ஸில் அந்த நிறுவனத்தின் ஆக்கவுரிமையைத் திறந்து, உரிமைக்கோரல்களை மட்டும் படியுங்கள். முதலாவது கோரலைத் துண்டு துண்டாக உடைத்து ஒரு தாளில் எழுதுங்கள்: பட்டியல் கோப்பு, அதில் ஒலிக்கோப்பின் முகவரி, குறித்த இடைவெளியில் சரிபார்த்தல், தானாக இறக்குதல் என்று. எல்லாத் துண்டுகளும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை என்று வாதிடலாம். இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் காட்ட முடியுமென்றால், துறை அறிந்த ஒருவருக்கு அப்படிச் சேர்க்கத் தோன்றியிருக்கும் என்பதையும் நிறுவ வேண்டும். தளத்தில் புதிதாக வந்தவற்றைப் பட்டியலிட்டுத் தரும் முறையான ஆர்எஸ்எஸ்ஸின் 0.92 விவரக்குறிப்பில் (2000 டிசம்பரில் வெளியானது) ஒலிக்கோப்பை இணைக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கும் முன்னே, அதாவது 2008 மார்ச்சுக்கு முன் வெளியானதையே முதலில் பிடியுங்கள். "அதற்கு முன்பே நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்" என்று அவர்களால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

திகதிதான் உயிர். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அண்ணரின் தளமுகவரியைப் போட்டால், சேமித்த பக்கத்தின் முகவரிக்குள் 14 இலக்கங்கள் தெரியும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அதுவே பக்கம் பிடிக்கப்பட்ட நேரம். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்கைவிடம் கட்டணம் செலுத்தி சத்தியக்கடதாசி வாங்கலாம். பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் ஏறியிருந்த ஒரேயோர் ஆய்வேட்டைக்கூட 1986இல் அமெரிக்க நீதிமன்றம் சான்றாக ஏற்றது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்கும்போது, ஆய்வேட்டின் தலைப்போடு அது நூலகப் பட்டியலில் ஏறிய திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு அழைப்பாணையை உங்களிடம் சேர்ப்பித்துவிட்டால், மேலே சொன்ன வகை மறுபரிசீலனைக்கு ஓராண்டுதான் அவகாசம். கட்டணமே பல்லாயிரம் டொலர் ஆகும். ஆகவே சான்று பலமாக இருந்தால், முதலில் உங்கள் சட்டத்தரணி அந்தத் துண்டுப் பட்டியலையும் ஆவணங்களையும் இணைத்து அவர்களுக்கே அனுப்பட்டும்.