தொண்டை வலி இதயத்தைப் பாதிக்குமா?
பாதிக்கலாம், ஆனால் எப்போதாவதுதான். சில தொண்டை வலிகளை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது நுண்ணோக்கியில் மதுரை மல்லிச் சரத்தைப் போலக் கோத்த உருண்டைகளாகத் தெரியும் பாக்டீரியா. 1933இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு வகைபிரித்தவற்றுள் 'ஏ' பிரிவே இங்கே குற்றவாளி. அதன் மேலுறையிலுள்ள எம் புரதம் இதயத் தசைப் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, சில பிள்ளைகளின் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகின்றன. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். சித்திரைத் திருவிழா நெரிசலில் சிவப்புச் சட்டைத் திருடனைத் துரத்தியவர்கள், அதே நிறச் சட்டையணிந்த வீட்டுப் பிள்ளையை அடித்துவிடுவதைப் போன்றது இது. (மூட்டு வலி ஆறிவிடும், வால்வின் பழுதோ பலருக்கு நிலைத்துவிடும்.) வலி தொடங்கிய 9 நாள்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இதனால் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று எண்ணுவது தவறு. அவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அம்மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.