ஏன் 60 பாகை? நுண்புழை விசையும் இருமுகக் கோணமும்: கேள்வி பதில்

பதினொன்றாம் வகுப்பு மாணவி: கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுகிறது, பாதரசம் மட்டும் ஏன் இறங்குகிறது, சார்?

பாதரசத்துக்குக் கண்ணாடியைவிடத் தன் அணுக்கள் மீதுதான் பிடிப்பு அதிகம், அம்மா. கண்ணாடியில் அதன் சேர்கோணம், அதாவது திரவத்தின் பரப்பு கண்ணாடியைத் தொடும் இடத்தில் திரவத்துக்குள் விழும் கோணம், சுமார் 140 பாகை. 90-ஐத் தாண்டிவிட்டால் குழாய்க்குள் மட்டம் தாழும். தண்ணீரோ 1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும். விட்டம் பாதியானால் உயரம் இருமடங்கு.

ஈர மணலில் கட்டிய வீடு நிற்கிறது. காய்ந்தாலும் சரிகிறது, அலை மூடினாலும் சரிகிறது. ஏன்?

இரண்டு மணல் துகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு சிறிய கழுத்துபோல நிற்கும். அதன் பரப்பு உள்நோக்கி வளைந்திருப்பதால் உள்ளே அழுத்தம் குறைந்து, துகள்கள் இழுபடும். இதுதான் நுண்புழை விசை. 0.2 மி.மீ. துகளுக்கு இந்த இழுப்பு அதன் எடையைப்போல 400 மடங்கு வரை வரும். காய்ந்தால் கழுத்தே இல்லை. முழுகிவிட்டால் காற்றும் தண்ணீரும் சந்திக்கும் அந்த வளைந்த பரப்பு இல்லை.

லேத் பட்டறையிலிருந்து: உலோகத்தைச் சீவும் கார்பைடு டிப்பும் இப்படித்தான் பவுடரிலிருந்து இறுகுகிறதா அண்ணே?

ஆமாம் தம்பி. டங்ஸ்டன் கார்பைடு பவுடரோடு கோபால்ட் கலந்து அழுத்தி, சுமார் 1400 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். உருகிய கோபால்ட் கார்பைடை நன்றாக நனைத்து, துகள்களை இழுத்து நெருக்கும். துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

நிலவியல் மாணவர்: இருமுகக் கோணம் 60 பாகைக்குக் கீழே இருந்தால் பாறைக்குழம்பு பரவும் என்று ஒரே வரியில் படித்தேன். ஏன் சரியாக 60?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிதானமாகவே சொல்கிறேன்.

இரண்டு படிகத் துகள்கள் ஒட்டியிருக்கும் எல்லையின் முனையில் திரவம் வந்து சேர்கிறது. எல்லை தன் இழுவிசையால் ஒரு பக்கம் இழுக்க, திரவத்தைத் தொடும் இரு பரப்புகளும் மறுபக்கம் இழுக்கும். சமன் ஆகும் இடத்தில் திரவத்துக்குள் விழும் கோணம்தான் இருமுகக் கோணம். துகள் எல்லையின் ஆற்றல் கூடக்கூட இந்தக் கோணம் சிறுக்கும்.

இப்போது மூன்று துகள்கள் சந்திக்கும் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே ஓடும் திரவத்தைக் குறுக்கே வெட்டினால் மூன்று மூலைகள் தெரியும். ஒவ்வொரு மூலையும் 60 என்றால் சமபக்க முக்கோணம். பக்கங்கள் நேராக இருக்கும். அதற்குக் கீழே போனால் பக்கங்கள் உள்ளே குழியும். ஈர மணலில் பார்த்த அதே குழிவு! திரவத்தில் அழுத்தம் குறையும், விளிம்பு திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். 60-ஐத் தாண்டினால் பக்கங்கள் புடைத்து, திரவம் மூலைகளில் தனித்தனிக் குமிழாக ஒதுங்கும்.

ஆலிவின் என்ற கனிமத்தின் துகள்களுக்கு நடுவே பசால்ட் (கரிய எரிமலைப் பாறை) குழம்பின் கோணம் பெரும்பாலும் 20 முதல் 50 பாகை. அதனால்தான் பூமியின் மேன்டிலில் (மேலோட்டுக்கும் உள்ளகத்துக்கும் நடுவிலுள்ள பாறை அடுக்கில்) மிகக் கொஞ்சம் உருகினாலே குழம்பு வலைபோல இணைந்து மேலே கசிய முடிகிறது. அதே இடத்தில் உருகிய இரும்புக்குக் கோணம் பொதுவாக 60-க்கு மேல்; அது தனித்தனிக் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். இரும்பு எப்படி இறங்கிப் பூமியின் உள்ளகமாகச் சேர்ந்தது என்ற கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. இந்தக் கோணத்தைப் பொருளறிவியலில் நிலைநாட்டியது சிரில் ஸ்டான்லி ஸ்மித் 1948-இல் எழுதிய கட்டுரை.

கோணம் பூஜ்யமானால்?

திரவம் எல்லை முழுவதும் படலமாகப் புகுந்துவிடும். அலுமினியத் தகட்டின் மேல் காலியம் என்ற உலோகத்தை வைத்துப் பாருங்கள். காலியம் 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகி, துகள் எல்லைகளில் ஊடுருவும். அப்புறம் தகட்டைக் கையாலேயே நொறுக்கலாம்.

வேதியியல் மாணவி: எங்கள் பாடத்திலும் இருமுகக் கோணம் வருகிறதே, இரண்டும் ஒன்றா?

பெயர் ஒன்று, விஷயம் வேறு. இரண்டு தளங்களுக்கு இடையிலான கோணம் என்பது மட்டுமே பொது. மூலக்கூறில் வரிசையாக நான்கு அணுக்களை எடுத்து, நடுப் பிணைப்பைச் சுற்றி எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். அங்கே பரப்பு இழுவிசைக்கு வேலையே இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு வாயுவாக இருக்கும்போது இது சுமார் 111 பாகை. படிகமானால் 90-ஐ ஒட்டி வந்துவிடும். புரதத்தில் எந்தெந்த முறுக்குகள் அணுக்கள் மோதாமல் அமையும் என்று வரைந்து காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனும். 1963-இல் வெளியான அந்த வரைபடத்தை வைத்துத்தான் உலகெங்கும் புரத அமைப்புகளை இன்றும் சரிபார்க்கிறார்கள்.

ஆய்வு மாணவர்: வெட்டிய பாறையின் நுண்ணோக்கிப் படத்தில் இருமுகக் கோணத்தை அளந்தால் 35, 50, 72 என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோணம் வருகிறது. எதை எழுதுவது?

எதையும் தனியாக எழுதாதீர்கள். நீங்கள் பார்ப்பது ஏதோ ஒரு சாய்வில் வெட்டிய முகம். உண்மைக் கோணம் ஒன்றே ஆனாலும் வெட்டில் சிதறித்தான் தெரியும். நூறு, இருநூறு இடங்களில் அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். அது உண்மைக் கோணத்துக்கு மிக அருகில் இருக்கும். அழகாகத் தெரிகிற மூலைகளை மட்டும் பொறுக்க வேண்டாம்.