மன்னர் முகத்தில் ஒரு சிவப்பு முத்திரை

அன்புள்ள ஐயா,

என் தாத்தா மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக, இருந்தவர். போர் முடிந்த பிறகு கப்பலேறிப் பட்டுக்கோட்டைக்கே வந்துவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கவர் கிடைத்தது. அதில் இரண்டு தபால்தலைகள், இரண்டிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஒன்றில் மன்னர் முகத்தின் மேலேயே கட்டம் போட்ட சிவப்பு முத்திரை, உள்ளே ஜப்பானிய எழுத்துகள். இன்னொன்றில் ஆங்கில எழுத்தில் ‘டாய் நிப்போன் 2602 மலாயா’ என்று அச்சிட்டிருக்கிறது. முகவரியில் ‘பேராக்’ என்பது மட்டும்தான் தெரிகிறது. போர்க்காலத்தில் தாத்தா பாட்டிக்குப் போட்ட கடிதம் இது என்று வீட்டில் சொல்வார்கள். அது என்ன 2602? தபால்தலைகளை ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாம் என்கிறான் என் மகன். அத்தனை பேரைச் சாகடித்தவர்களின் தபால்தலை வீட்டில் எதற்கு என்கிறார் என் அக்கா. இதற்கு விலை ஏதும் உண்டா?

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கவரைத் தண்ணீரில் போடவே வேண்டாம். சிவப்பு முத்திரை கையால் குத்தியது. அந்த மை ஈரம் பட்டால் கரைந்துவிடக்கூடும். அதைவிட முக்கியம், அந்தத் தபால்தலைகள் கவரோடு இருக்கும்வரைதான் உங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லும்.

‘டாய் நிப்போன்’ என்றால் மகா ஜப்பான். 2602 என்பது ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கு. முதல் பேரரசர் ஜிம்மு பட்டமேறியதாக அவர்கள் நம்பும் கி.மு. 660-லிருந்து எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் 1942 அவர்களுக்கு 2602. அந்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று, கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். மார்ச் மாதம் தபால் நிலையங்களைத் திறந்தபோது விற்கப் புதுத் தபால்தலை இல்லை. கையில் இருந்தது பிரிட்டிஷார் விட்டுப்போன சரக்கு. அதன் மேலேயே மலாயா ராணுவ நிர்வாகத்தின் தபால் முத்திரையைக் குத்தி விற்றார்கள். பினாங்கில் ஒகுகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் முத்திரைகளே தபால்தலை மேல் விழுந்தன. மலாக்கா முத்திரை இன்னும் பெரியது. நான்கு தபால்தலைகளைச் சேர்த்துத்தான் ஒருமுறை குத்த முடியும், தனித் தபால்தலையில் கால்வாசிதான் இருக்கும். அச்சுக்கூடத்தில் ‘2602’ அடித்து வந்தவை இவற்றுக்கு அடுத்தவை. உங்களிடம் இரண்டு வகையும் ஒரே கவரில் இருப்பது நல்ல விஷயம்.

இனி வீட்டில் சொல்லும் கதை. அது அப்படி நடந்திருக்க வழியில்லை. ஜப்பானியர் பிடித்த மலாயாவிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அப்போது சாதாரணத் தபாலே கிடையாது. இரண்டும் எதிரெதிர் தரப்பு. அந்த முத்திரை குத்திய தபால்தலை மலாயாவுக்குள் செல்லும், பின்னால் ஜப்பானியர் கையிலிருந்த வேறு நாடுகளுக்கும் சென்றது. நாகப்பட்டினத்துக்கோ பட்டுக்கோட்டைக்கோ வராது. முகவரியில் ‘பேராக்’ என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே யாரோ மலாயாவுக்குள்ளேயே உங்கள் தாத்தாவுக்குப் போட்ட கடிதமாக இருக்க வேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார்.

உங்கள் பாட்டிக்கு அந்த ஆண்டுகளில் கிடைத்தது கடிதமே இல்லாத மூன்றரை வருஷம். மணியார்டரும் நின்றுபோனது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் தஞ்சை, திருச்சி, ராமநாதபுரம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள் 1945 வரை காத்திருந்தன. மலாயா ஆக்கிரமிப்புத் தபால்தலைகளைப் பற்றிய பேச்செல்லாம் மை நிறம், முத்திரை வகை என்றே சுற்றி வருகிறது. கடல் தாண்டி வராமல் போன கடிதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உங்கள் அக்காவின் கோபம் நியாயமானது. இன்னொன்றும் சொன்னால் அவருக்கு இன்னும் கோபம் வரும். 1943-இல் ஜப்பானியர் மலாயாவுக்கென்றே புதுத் தபால்தலைகளை ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அச்சிட்டு வரவழைத்தார்கள். அதில் ஒரு சென்ட் தபால்தலையின் படம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுவது. பார்க்க அழகான, அமைதியான படம். ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டனும் அமெரிக்காவும் எதிரி நாடுகளாகிவிட்டதால் தோட்டங்களில் வேலை படுத்துவிட்டிருந்த நேரம் அது. ஜனங்கள் மரவள்ளி நட்டு வயிறு கழுவினார்கள். அதே 1943-இல்தான் அந்தத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ரயில் பாதை போட ஆயிரமாயிரமாகச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை அந்த அக்டோபரில் இணைந்தது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை கூட இல்லை. பால்மரம் சீவிய கைகளை அங்கே கல்லுடைக்க அனுப்பிவிட்டு, இங்கே பால்மரப் படத்தை ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். உங்கள் கவரைத் தூக்கிப் போட்டால் அவர்கள் செய்ததற்கு இருக்கும் சாட்சியில் ஒன்று குறையும். அதனால்தான் வைத்திருங்கள் என்கிறேன். ஆனால் ஆல்பத்தில் அந்தக் கவருக்குப் பக்கத்தில் சயாம் ரயிலைப் பற்றி உங்கள் மகன் தன் கையால் நாலு வரி எழுதி வைக்கட்டும்.

அப்புறம், 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோதும் இதே வேலைதான் நடந்தது. அதே ஜார்ஜ் மன்னர் தலை மீது ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று அடித்து விற்றார்கள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்று பொருள். தாத்தாவின் பெட்டியில் அதுவும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

விலை கேட்டிருந்தீர்கள். இந்த வகையில் போலிகள் அதிகம். முத்திரை இல்லாத பழைய தபால்தலை மலிவு என்பதால் பொய் முத்திரை குத்தி விற்பது பல வருஷமாக நடக்கிறது. அதனால் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்கிறவரை நம்பாதீர்கள். தேதி முத்திரையோடு முழுக் கவராக இருப்பதே உங்களுக்குப் பலம். அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

எனக்குக் கவரின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஜப்பானியர் கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள், தணிக்கை முத்திரை இருக்கலாம். முகவரியை வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், அங்கிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றி மலேசியாவில் விசாரிக்க ஒரு வழி கிடைக்கும். உள்ளே கடிதத்தாள் இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

அன்புடன்.