கிட்டாரில் பிக்கப்பும் ஃப்ரெட் அளவும் கைக்குத் தெரியுமா?

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்கள், கடையில் "சிங்கிள் காயிலா ஹம்பக்கரா, சின்ன ஃப்ரெட்டா ஜம்போவா" என்று கேட்கிறார்கள், இதெல்லாம் வாசிக்கிற கைக்கு நிஜமாகவே தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். (புதியவர்களுக்கு: கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். ஒரு சுருள் என்றால் சிங்கிள் காயில், இரண்டு என்றால் ஹம்பக்கர். கழுத்துக் கட்டையில் குறுக்கே பதித்த உலோக மெட்டுதான் ஃப்ரெட், பெரிதாக இருந்தால் ஜம்போ.)

தெரியும். நன்றாகவே தெரியும். உங்களிடமும் யாராவது "எல்லாம் விரல்லதான் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை நம்பி நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். படகு எஞ்சின் மெக்கானிக். கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். முதல் கிட்டார் மதுரையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மூன்று சிங்கிள் காயில், தேய்ந்துபோன சின்ன ஃப்ரெட். நம் பாட்டுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகிற இடம் நிறைய வரும். மூன்றாம் கம்பியை மேலே தள்ளினால் பாதி வழியிலேயே விரலுக்கு அடியில் நழுவிவிடும். குழுவை நடத்திய அண்ணன், "விரல்ல பலம் பத்தலப்பா, இன்னும் சாதகம் பண்ணு" என்பார். நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிற கை இது. ஆனாலும் அவர் சொன்னதை நம்பித் தோல் உரியும்வரை பண்ணினேன்.

அந்த வருடத் திருவிழாவில்தான் பிக்கப் என்னைப் படுத்தியது. பீடத்தைச் சுற்றி சீரியல் லைட், வெளியே ஜெனரேட்டர். ஆம்ப்பைப் போட்டதும் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல். சிங்கிள் காயில் சுற்றியிருக்கும் மின்சாரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். தப்பாகச் சுருதி சேர்த்த தம்பூரா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கிட்டாரோடு அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பினேன், பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பூசை முழுக்க சுவரைப் பார்த்தே வாசித்தேன்.

இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் ஹம்பக்கர் வந்தது. கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியவை, காந்தமும் எதிர்முனை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

அப்போது எனக்கு இது தெரியாது. இரைச்சலை மீறிச் சத்தம் வரட்டும் என்று பிக்கப் திருகுகளை முடுக்கி, பிக்கப்பைக் கம்பிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பி ஒரே சுரத்தில் நிற்காமல் இரண்டாக உருண்டது. ரிப்பேர் கடை ஒன்றில் "கழுத்து வளைஞ்சிருக்கு" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கினார்கள். திரும்பி வந்தும் அதே உருட்டல்தான். பிக்கப்பில் இருப்பது காந்தம், கம்பி எஃகு. ரொம்பப் பக்கத்தில் போனால் கம்பியைச் சுதந்திரமாக ஆடவிடாது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, எஞ்சினில் டேப்பட் இடைவெளி வைக்கிற ஃபில்லர் கேஜ் தகடுகளை அடுக்கி, தடித்த கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் வைத்தேன். உருட்டல் நின்றது. பிக்கப் கைக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

ஃப்ரெட் விஷயம் பாம்பனில் ஒரு கல்யாண வரவேற்பில் தெரிந்தது. வாசிக்க வந்த தம்பியின் கிட்டாரை இடைவேளையில் கேட்டு வாங்கி, அதே இழுப்பை வாசித்தேன். ஒரே தள்ளில் சுரம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவனைப் பட்டறைக்கு வரவழைத்து வெர்னியரால் இரண்டையும் அளந்தேன். என்னுடையதில் ஃப்ரெட் உயரம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. அவனுடையதில் 1.4. பாட்டுப் புத்தகத்தில் நாலைந்து தாள் கனம்தான் வித்தியாசம். ஆனால் என் கிட்டாரில் விரல் கட்டையோடு உராய்ந்துகொண்டே தள்ள வேண்டும். அவனுடையதில் விரலுக்கு அடியில் கம்பி மட்டும்தான். வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளை உயர்த்திப் பதித்திருப்பதைப் பாருங்கள். அவ்வளவு ஆழமாக இழுக்க முடிவது அதனால்தான்.

"பெரிய வித்வான் எந்தக் கிட்டாரிலும் வாசிப்பார்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரி, வாசிப்பார். கற்றுக்கொள்கிறவன் கதை வேறு. சாதகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கிட்டார் விற்பவனும் இல்லை.

பிறகு ஹம்பக்கரும் ஜம்போ ஃப்ரெட்டும் உள்ள ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பார்சலை ராமநாதபுரத்தில் நிறுத்திவிட்டு, "பாலம் மூடியிருக்கு, வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். 2022 டிசம்பரிலிருந்து ஓடாமல் இருந்தது பாம்பன் பாலத்து ரயில்தான். மூடியிருந்தது 1914-ல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலம். பக்கத்திலேயே 1988-லிருந்து ரோடு பாலம் இருக்கிறது, அதில் மீன் லாரிகள் ராத்திரி பகலாகப் போய்வருகின்றன. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், அவ்வளவு பெரிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தீவுக்காரன் என்றால் டெலிவரிக்குக் காசு கட்டினாலும் மதிப்பில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அந்தக் கிட்டாரிலும் ஒரு மாதம் கஷ்டப்பட்டேன். பழைய பழக்கத்தில் அழுத்தியதால் உயரமான ஃப்ரெட்டில் கம்பி கீழே வளைந்து, கார்டு முழுக்கச் சுருதி ஏறி ஒலித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கை லேசானது. ஹம்பக்கரில் மெதுவாக மீட்டினாலே சத்தம் வருவதும் அதற்கு உதவியது. ஆனால் மீட்டும் விசையில் உள்ள ஏற்ற இறக்கத்தை சிங்கிள் காயில் தெளிவாகக் காட்டும் அளவுக்கு இது காட்டாது. அதற்காகவே பழையதை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்களும் கடலோரம் என்றால் இன்னொன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து உப்புத்தாள் மாதிரி ஆகும். அதை இழுக்க இழுக்க ஃப்ரெட் தேயும். வழக்கமான நிக்கல் சில்வர் ஃப்ரெட்டை விட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரொம்பக் கடினம், பட்ஜெட்டில் கிடைத்தால் அதை எடுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த பனியன் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

கடைக்குப் போனால் மூன்றாம் கம்பியை ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு முழு சுரம் (இரண்டு ஃப்ரெட் தள்ளி வரும் சுரம்வரை) இழுத்துப் பாருங்கள், விரல் நுனி கட்டையில் உரசுகிறதா என்று. எந்த மாடல் பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், ஃப்ரெட் அளவு போட்டிருந்தால் அதையும் சேர்த்து.