ஸோராவின் கல்லறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலை வாங்கி வாசித்தேன். பல இடங்களில் மூடி வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, இவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அடிமை வாழ்வையும் வலியையும் மட்டுமே எழுதுகிறார்கள்? இரண்டு, கறுப்பின இலக்கியம் என்று தனி அலமாரி, தனித் துறை, தனி நூலகம் எல்லாம் எதற்கு? நல்ல எழுத்து யார் எழுதினாலும் நிற்கும், காலம் சலித்து எடுத்துவிடும் என்று நம்புகிறவன் நான். தவறென்றால் சொல்லுங்கள்.

செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களோடு எனக்குச் சண்டை அதில்தான். காலம் சலித்து எடுக்கும் என்று நானும் ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மேடையில் சொன்னால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஹர்ஸ்டன் வளர்ந்தது ஃப்ளோரிடாவில் ஈட்டன்வில் என்ற ஊரில். கறுப்பர்களே உருவாக்கி, கறுப்பர்களே நிர்வாகம் செய்த ஊர் அது, அவருடைய அப்பாவே அங்கே மேயராக இருந்திருக்கிறார். பிறகு நியூயார்க் போய் பர்னார்ட் கல்லூரியில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்தார். படித்த படிப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் தெற்கே வந்து, சின்ன வயதில் ஒட்டுக்கேட்ட அதே கடைத்திண்ணையில் உட்கார்ந்து, ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு அவிழ்த்துவிடும் கதைகளை எழுதிக்கொண்டார். அந்தக் கதைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ‘பொய்’. இன்றைக்குப் பொய் சொல்ல யார் வருகிறீர்கள் என்று கூப்பிட்டால் கதை சொல்ல ஆள் வரும். 1935இல் அவை புத்தகமாக வந்தன. 1937இல் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவல். ஹைட்டியில் இருந்தபோது ஏழே வாரத்தில் எழுதியது.

இங்கே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. அந்த நாவலில் ஒரு பெண் மூன்று முறை கல்யாணம் செய்துகொள்கிறாள், மூன்றாவதாக ஒருவனைக் காதலிக்கிறாள், ஊர் வம்பு பேசுகிறது, சிரிப்பு இருக்கிறது, புயல் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ரிச்சர்ட் ரைட், அவரும் பெரிய எழுத்தாளர், அவரும் கறுப்பர், கடுமையாக ஒரு மதிப்புரை எழுதினார். இதில் சொல்லும்படியான பொருளே இல்லை, வெள்ளைக்கார வாசகர்களைச் சிரிக்க வைக்கிற வேலை என்பது அவர் குற்றச்சாட்டு. அதாவது வலியை எழுதுகிறார்கள் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள், வலியை எழுதவில்லை என்று ஸோராவை அடித்தார்கள். ரைட் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. கறுப்பர்களைக் கொடுமையாக ஒடுக்கிய மிஸிஸிப்பியில் பிறந்து வளர்ந்தவனுக்கு 1937இல் அந்தச் சிரிப்பு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த மதிப்புரையில் அவர் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். எப்படியானாலும், எதை எழுதுவது என்று இவர்கள் தங்களுக்குள்ளேயே நூறு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே குரலில் பேசுகிற கூட்டம் இல்லை அது.

சரி, ஸோரா என்ன ஆனார்? அவர் எந்தப் புத்தகத்துக்கும் வாங்கிய அதிகபட்ச ராயல்டி 943 டாலர் 75 சென்ட். 1950இல் மயாமியில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தார், செய்தித்தாளில் அது செய்தியாகவே வந்தது. 1960 ஜனவரி 28 அன்று ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் ஊரில் அரசு ஆதரவில்லத்தில் இறந்தார். ஊர்க்காரர்கள் பணம் வசூலித்து அடக்கம் செய்தார்கள். கல்லறைக்குக் கல் வைக்கப் பணம் இல்லை.

இறந்த பிறகு அவர் வீட்டைச் சுத்தம் செய்தவர்கள், வழக்கப்படி, இருந்த காகிதங்களையெல்லாம் வெளியே போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அந்த வழியாக வந்த ஒரு ஷெரிஃப் துணையதிகாரி, அவரும் கறுப்பர், ஸோராவுக்குத் தெரிந்தவர், வண்டியை நிறுத்தி தோட்டக் குழாயை எடுத்துத் தீயை அணைத்தார். கருகிய ஓரங்களோடு அந்தத் தாள்கள் இன்றைக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்தக் குவியலில் கிடந்த ஏரோது மன்னனைப் பற்றிய நாவல் 2025இல்தான் அச்சுக்கு வந்தது. உங்கள் ‘காலம்’ அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் எந்தப் பக்கம் நின்றது என்று நினைக்கிறீர்கள்? தீக்குச்சியோடு நின்றது. குழாயைப் பிடித்தது ஒரு மனுஷன்.

நாவலும் அப்படித்தான். நடுவில் ஓரிரண்டு பதிப்புகள் வந்து வந்து நின்றுபோயின. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்ற கறுப்பின எழுத்தாளர் ஃப்ளோரிடாவுக்குப் போய், ஸோராவின் அண்ணன் மகள் என்று பொய் சொல்லி விசாரித்து, இடுப்பளவு புல் மண்டிய இடுகாட்டில் பாம்புக்குப் பயந்துகொண்டே ஸோராவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார். ஒரு பள்ளத்தில் கால் இறங்கிய இடத்தை இதுதான் என்று முடிவு செய்தார். உயரமான கருங்கல் வைக்க ஆசை, விலை கட்டுப்படியாகவில்லை, சாம்பல் நிறத்தில் சாதாரணக் கல் வைத்தார். 1975இல் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதே வருஷக் கடைசியில் அமெரிக்க இலக்கியப் பேராசிரியர்கள் கூடும் மாநாட்டில் நாவலை மறுபடி அச்சிடச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்தது. 1978இல் இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் கொண்டுவந்தது. இன்றைக்கு அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நீங்கள் எதற்கு என்று கேட்கிற தனித் துறை ஆட்கள்தான் இதில் பாதி வேலையைச் செய்தவர்கள்.

தனி நூலகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் 135ஆம் தெரு நூலகத்துக்கு 1926இல் ஆர்துரோ ஷோம்பர்க் என்பவருடைய சேகரிப்பு வந்து சேர்ந்தது. புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது, வீரர்கள் கிடையாது என்று பள்ளியில் டீச்சர் சொன்னதால்தான் தேட ஆரம்பித்தேன் என்று அவர் சொல்வதுண்டு. நியூயார்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பழைய புத்தகக் கடை. கார்னகி நிறுவனம் கொடுத்த 10,000 டாலரில் நூலகம் அதை வாங்கியபோது ஏறக்குறைய 5,000 புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள். அவர் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்திருப்பார்கள்? ஊர்ப் பொது நூலகமா? (நான் வீடு மாற்றியபோது இரண்டு மூட்டை சிற்றிதழ்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டவன், அதனால் ஷோம்பர்க் பேச்சை எடுத்தாலே எனக்குக் கொஞ்சம் கூச்சம்.)

நீங்கள் படித்த ‘பிலவ்ட்’டே ஒரு பழைய தாளிலிருந்து முளைத்ததுதான். மாரிசன் நாவலாசிரியராகப் பெயர் வாங்கிய காலத்திலும் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்தவர். கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸின் சுயசரிதை, கெய்ல் ஜோன்ஸின் முதல் நாவல், இதெல்லாம் அவர் கை வழியாக வந்தவை. 1974இல் ‘தி பிளாக் புக்’ என்று ஒரு பெரிய தொகுப்பு கொண்டுவந்தார், தனியாட்கள் வீட்டில் சேர்த்து வைத்திருந்த துண்டறிக்கைகள், விளம்பரங்கள், படங்கள், செய்தி நறுக்குகள் எல்லாம் சேர்ந்தது. அதில் ஒரு நறுக்குதான் மார்கரெட் கார்னர் பற்றியது. 1856இல் கென்டக்கியில் அடிமை வாழ்விலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து போய், பிடிபட்டபோது மகளைத் திரும்ப அனுப்புவதைவிடக் கொல்வது மேல் என்று முடிவு செய்த தாய். மிச்சம் உங்களுக்குத் தெரியும். யாரோ ஒரு சேகரிப்பாளர் அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடவில்லை, அதனால் 1987இல் அந்த நாவல்.

இன்னொரு விஷயம். 1945இல் ஸோரா, கறுப்பின அறிஞரும் தலைவருமான டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃப்ளோரிடாவில் 100 ஏக்கர் நிலம் வாங்கி, புகழ்பெற்ற கறுப்பர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் அமைப்போம், சாகும்போது கையில் காசு இல்லாதவர்களாக இருந்தாலும் அவர்கள் அடையாளமில்லாமல் மறக்கப்படக் கூடாது என்று கேட்டார். டு பாய்ஸ் மரியாதையாகவே மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் அதே டு பாய்ஸுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போனது. எழுதியவர் அம்பேத்கர். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதோர் நிலையும் உங்கள் நிலையும் அவ்வளவு ஒத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். டு பாய்ஸ் ஜூலையில் பதில் போட்டார். அம்பேத்கரின் கடிதமும் அந்தப் பதிலும் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டு பாய்ஸ் ஆவணங்களில் இருக்கின்றன. இணையத்திலேயே பார்க்கலாம், பாருங்கள்.

அடுத்து என்ன படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஸோராவின் நாவலை எடுங்கள். பேச்சு மொழி முதல் 20 பக்கம் படுத்தும், வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். அப்புறம், எப்போதாவது ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் போகிறவர்கள் யாராவது தெரிந்தால் அந்தக் கல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பிறந்த வருஷம் 1901 என்று இருக்கும், உண்மையில் 1891. பள்ளியில் சேர்வதற்காக 26 வயதில் 16 என்று சொன்னவர் ஸோரா, வாக்கரும் அதை நம்பித்தான் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார்.