எடை மேடை ஃபைலில் வேண்டாத வரிகளை நீக்குவது எப்படி?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். எடை மேடை கம்ப்யூட்டர் தினமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தருகிறது. நடுநடுவே ஆலைப் பெயர், கோடுகள், வெற்று வரிகள், நிகர எடை 0 என்று வரும் வரிகள். பிசானப் பருவ நெல் அறுவடை நேரத்தில் கையால் அழித்து மாளவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பைத்தான் நிரல்மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) போதும். ஆனால் வேண்டாத வரிகளைப் பட்டியல் போட ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கே புதிதாக ஒரு குப்பை வரி வந்தால் பட்டியல் உதவாது. நல்ல வரிக்கு என்ன அடையாளம் என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரியில் ஒரு வரி:

12-03-2025,டிஎன் 72,14250,5830,8420

தேதி, வண்டி, மொத்த எடை, காலி எடை, நிகர எடை. காற்புள்ளியில் பிரித்தால் ஐந்து துண்டு, முதல் எழுத்து இலக்கம். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாக எடுத்து, 'ஸ்ட்ரிப்' கொடுத்து ஓரத்து இடைவெளியை நீக்கி, 'ஸ்பிளிட்' கொடுத்துப் பிரிக்கட்டும். ஐந்து துண்டும் இலக்கமும் இருந்தால் மட்டும் கடைசித் துண்டை 'இன்ட்' மூலம் எண்ணாக்கி, 0-வைவிடப் பெரிதா என்று பாருங்கள். இந்த வரிசை முக்கியம். வெற்று வரியை எண்ணாக்கப் போனால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.

விண்டோஸில் 'ஃபைண்ட்ஸ்டர்', லினக்ஸில் 'கிரெப்' என்று, குறிப்பிட்ட எழுத்து உள்ள வரிகளைத் தேடிப் பிரிக்கும் கட்டளைகளும் உண்டு. கோடுகளை நீக்க அவை நல்லவைதான். ஆனால் 0 உள்ள வரிகளை நீக்கு என்று சொன்னால், மேலே உள்ள வரியும் போய்விடும். தேதியிலேயே 0 இருக்கிறதே! அதனால்தான் கடைசித் துண்டைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

தேறிய வரிகளைப் புது ஃபைலில் எழுதுங்கள். மூல ஃபைலையே எழுதுவதற்காகத் திறந்தால் அந்த நொடியே காலியாகிவிடும். தேறாத வரிகளையும் தூக்கிப் போடாதீர்கள், 'கழிவு' என்று இன்னொரு ஃபைலில் சேருங்கள். விவசாயிக்குக் கொடுக்கவேண்டிய பணம் இந்த எடையை வைத்துத்தானே? இரண்டு ஃபைலின் வரிகளையும் கூட்டினால் மூல ஃபைலின் எண்ணிக்கை வரவேண்டும். முதல் சில நாட்கள் கழிவு ஃபைலைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வண்டி எண் உள்ள வரி அங்கே கிடந்தால் எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ஃபைலைத் திறக்கும்போதே என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். விண்டோஸில் அதை விட்டால் எழுத்து சிதறும், அல்லது பிழை காட்டி நிற்கும்.