ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்காளர்கள் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோவை, வீட்டிலிருந்தே இயக்கலாமே, அதைத் தூக்கிக்கொண்டு இயற்கைக் காப்பகங்களுக்குப் போவதில் அப்படி என்ன இன்பம்?

முதல் காரணம் இரைச்சல். நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம், நெருக்கமாக வீடுகள் உள்ள தெரு. எல்இடி பல்பு, போன் சார்ஜர், பக்கத்துக் கூரையின் சோலார் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் சிற்றலை பேண்டுகளில் (ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதிகளில்) தன் பங்குக்கு இரைச்சலைக் கொட்டுகிறது. சுமார் 40 மீட்டர் அலைநீளமுள்ள 40 மீட்டர் பேண்டைத் திறந்தால், சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் எந்நேரமும் 7-ல் நிற்கும். அதற்குக் கீழே வரும் சிக்னல் எனக்கு இல்லாததற்குச் சமம். அதே ரிக்கை (ரேடியோ பெட்டியை) மேற்கு சசெக்ஸில் உள்ள கிங்லி வேல் காப்பகத்தின் குன்றுமேல் வைத்துத் திறந்தால் மீட்டர் 1-ஐத் தாண்டுவதில்லை. எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபெல். ஆறு படி இறங்கினால் 36 டெசிபெல், அதாவது இரைச்சலின் திறன் ஏறக்குறைய 4000-ல் ஒரு பங்காகிவிடுகிறது. எவ்வளவு பணம் போட்டு எந்த ரேடியோ வாங்கினாலும் வீட்டுக்குள் இது கிடைக்காது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு டயலைத் திருப்பும்போது பின்னணியில் லேசான ‘ஸ்ஸ்’ மட்டும்தான் இருக்கும். அதற்குள்ளிருந்து, யாரோ 5 வாட்டில் தட்டுகிற மோர்ஸ் மெதுவாக மேலே வரும், அமிழும், மறுபடி வரும். சிற்றலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கான அயனி மண்டலம் அசைவது காதிலேயே தெரிகிற நேரம் அது. இதற்காகத்தான் போகிறேன், வேறு காரணமே தேவையில்லை.

ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டிலிருந்து 10 வாட்டில் சிக்யூ (‘யாராவது பேசுங்கள்’ என்ற பொது அழைப்பு) போட்டால் பெரும்பாலும் பதில் வராது. காப்பகத்திலிருந்து போட்டால் வரிசையில் நிற்கிறார்கள். காரணம், காப்பகங்களிலிருந்து பேசுவதைக் கணக்கெடுக்கும் திட்டங்களில் அந்த இடத்துக்கு ஓர் எண் இருக்கிறது. 2016-ல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் நூற்றாண்டையொட்டி அந்நாட்டு ஹாம் சங்கம் ஓராண்டு நிகழ்ச்சி நடத்தியது. பூங்காக்களிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் நடந்தன. அது முடிந்த பிறகு தன்னார்வலர்கள் உலகம் முழுவதற்குமாக எடுத்து நடத்துவதுதான் இன்றைய ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’. ஒரு காப்பகத்திலிருந்து 10 பேரிடம் பேசிவிட்டால் அது கணக்கில் ஏறும். ‘வேர்ல்டு வைட் ஃப்ளோரா அண்ட் ஃபானா’ என்ற இன்னொரு திட்டத்தில் 44 பேர் வேண்டும். பேசுகிற எதிர்முனைக்காரருக்கும் தன் கணக்கில் சேர்க்க அந்தக் காப்பக எண் தேவைப்படுகிறது, அதனால் என் மெலிந்த சிக்னலை அவர்களே கஷ்டப்பட்டுத் தேடிப் பிடிக்கிறார்கள். கால்சைன் (ஹாமின் அடையாள எழுத்துகள்), சிக்னல் ரிப்போர்ட், காப்பக எண், ‘வாழ்த்துகள்’ என்று பொருள்படும் ஒரு ‘73’, அடுத்தவர். ஜெர்மனி, போலந்து, ஸ்பெயின் என்று போகும். ஒரு பிற்பகல் 20 மீட்டரில் சென்னை நண்பர் ஒருவர் அகப்பட்டார். கோபுரத்தில் பெரிய யாகி (ஒரே திசையை நோக்கும் ஆண்டெனா) வைத்திருக்கிறார், என் 10 வாட்டைப் பொறுக்கி எடுத்தது அந்த ஆண்டெனாதான். தமிழில் இரண்டு நிமிடம் பேசினோம். வரிசையில் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிங்லி வேல் 1952-ல் தேசிய இயற்கைக் காப்பகமானது. பிரிட்டனில் முதன்முதலாக அப்படி அறிவிக்கப்பட்டவற்றில் ஒன்று. அடிவாரத்தில் யூ எனப்படும் மிகப் பழைய ஊசியிலை மரங்கள், கிளைகள் தரையில் படுத்து வேர்விட்டுக் கிடக்கும். அவற்றின்மேல் கயிறு எறிந்து ஆண்டெனா ஒயர் கட்ட எனக்கு மனம் வராது, கட்டவும் கூடாது. மேலே ஏறினால் சுண்ணாம்புப் புல்வெளி, தெற்கே சிசெஸ்டர் துறைமுகம், வானம் தெளிந்திருந்தால் வைட் தீவு. உச்சியில் ‘டெவில்ஸ் ஹம்ப்ஸ்’ எனப்படும் வெண்கலக் கால ஈம மேடுகள் இருக்கின்றன. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஆண்டெனாவுக்கு உயரம் கிடைக்கிறதே என்று அங்கே முளை அறையக் கூடாது. தள்ளிப்போய், நடைபாதையை விட்டு ஒதுங்கி, பாதையோர வேலிக் கம்பத்தில், ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் தூண்டில் கம்பை வார் போட்டுக் கட்டிக்கொள்கிறேன். தரையில் முளையே தேவைப்படுவதில்லை.

வசந்தத்தில் இந்தப் புல்வெளிகளில் வானம்பாடி தரையிலேயே கூடு கட்டும். அந்த மாதங்களில் புல்லுக்குள் இறங்கி ஒயர் இழுப்பதை விட்டுவிடுகிறேன். அது மேலே ஏறிப் பாடிக்கொண்டே இருக்கும், மைக் அதையும் எடுத்துக்கொள்ளும். ஸ்லோவேனியாக்காரர் ஒருவர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, “பின்னால் கேட்பது பறவையா?” என்றார். குரலுக்கென்று குறுக்கிய அலைவரிசையில் அந்தப் பாட்டின் கீழ்ப்பகுதி மட்டும்தான் போயிருக்கும். அரைகுறையாக அவருக்குக் கேட்டதே எனக்கு அன்றைய பெரிய தொடர்பு.

காப்பகத்துக்குள் ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிற ஹாம்களைப் பார்த்தால் எனக்குப் பிடிப்பதில்லை. அமைதி தேடி வந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஒயரின் தாழ்ந்த முனையில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வண்ண ரிப்பன் கட்டுங்கள், நடப்பவர்கள் தடுக்கிவிடக் கூடாது. இடி கேட்டால் உடனே கம்பை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள், குன்றுமேல் அதுதான் மிக உயரமான பொருள்.

சாமான் அதிகம் வேண்டாம். 10 வாட் தருகிற சிறிய ரிக், ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, மடக்கக்கூடிய 6 அல்லது 7 மீட்டர் தூண்டில் கம்பு, 20 மீட்டர் ஒயர். 20 மீட்டர் என்பது 40 மீட்டர் பேண்டுக்கு அரை அலைநீளம். ஒரு முனையிலேயே சிக்னலை ஊட்டலாம், அங்கே மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சில ஆயிரம் ஓம் இருக்கும் என்பதால் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு ரிக்குக்கு ஏற்ற 50 ஓமுக்கு இறக்குகிறோம். அதே ஒயர் 20, 15, 10 மீட்டரிலும் ஒத்திசையும். செங்குத்து ஆண்டெனாவும் நல்லதுதான், ஆனால் காய்ந்த சுண்ணாம்புத் தரை மோசமான கடத்தி, சுற்றிலும் சக்கர ஆரங்கள் மாதிரி தரையில் ரேடியல் ஒயர் விரிக்க வேண்டியிருக்கும். காப்பகத்தில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்வது சரியில்லை.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், ஹாம் உரிமம் மட்டும் போதாது. சரணாலயத்துக்குள் நுழைவதே 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதிக்கு உட்பட்டது. வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், உரிமத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் காட்டுக்கு வெளியே ஒரு தென்னந்தோப்போ ஆளில்லாத கடற்கரையோ போதும், இரைச்சல் அங்கும் குறைந்துவிடும்.

பகலில் 20 மீட்டர், பொழுது சாய்ந்தால் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் யார் அதிகத் தொடர்பு எடுப்பது என்ற ஹாம் போட்டிகள் நடந்தால் இரண்டிலும் 10 வாட்டுக்கு இடமிருக்காது. 30, 17, 12 மீட்டரில் போட்டி நடத்துவதில்லை என்பது உலகெங்கும் உள்ள வழக்கம், அதனால் 17 மீட்டருக்கென்று 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவான இன்னொரு ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.